உப்பைக் குறைத்தும் பிபி இறங்கவில்லையே, ஏன்?

கேள்வி: வயது 44. மூன்று விதமான மாத்திரை போட்டும் பிபி 160/100-ஐ விட்டு இறங்கவில்லை. பொட்டாசியம் 3.1. ஆல்டோஸ்டீரோன், ரெனின் பரிசோதனை எழுதியிருக்கிறார் டாக்டர். உப்பைத்தான் குறைத்துவிட்டேனே, இது எதற்கு?

பதில்: எவ்வளவு உப்பு சாப்பிடுகிறீர்கள் என்பது ஒன்று, அதில் எவ்வளவு உடம்பில் தங்குகிறது என்பது வேறு. சிறுநீரகங்கள் தினமும் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் ஒரு கிலோவுக்கு மேல் உப்பு இருக்கும். அநேகமாக எல்லாமே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். கடைசி 2, 3 சதவீதம்தான் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனின் பொறுப்பு. கொஞ்சம்தானே என்று நினைக்காதீர்கள்; ஒரு கிலோவில் 2 சதவீதமே 20 கிராம். ஒரு நாளைக்கு நாம் சாப்பிட வேண்டியதோ 5 கிராமுக்குள்!

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஆல்டோஸ்டீரோன் சுரக்கிறது. ஸ்டீராய்டு என்பதால் செல்லுக்குள் நேராக நுழைந்து, மரபணுக்களைத் தூண்டி, சோடியம் உள்ளே வரும் வாயில்களை அதிகமாக்கும். சோடியம் உள்ளே வர, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும். உங்கள் பொட்டாசியம் 3.1 என்று குறைந்திருப்பது எனக்குச் சந்தேகம் தருவது இதனால்தான். ஆனால் பிபிக்கான சில நீர் மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் குறைக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

வழக்கமாக, உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடும், அதன் தூண்டுதலால் ஆல்டோஸ்டீரோன் கூடும். போதுமான அளவு சேர்ந்ததும் இரண்டும் தணியும். சிலருக்கு அட்ரினல் இந்தக் கட்டுப்பாட்டை மதிப்பதில்லை. ரெனின் அடிமட்டத்தில் கிடக்க, ஆல்டோஸ்டீரோன் மட்டும் சுரந்துகொண்டே இருக்கும். 1955-இல் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் விவரித்த நோய் இது. ஒரு பக்கச் சுரப்பியில் கட்டி என்றால் அறுவை சிகிச்சை. இரண்டு பக்கமும் என்றால் பெரும்பாலும் ஆல்டோஸ்டீரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை.

பரிசோதனைக்கு முன் பொட்டாசியத்தைச் சரிசெய்வார்கள். அதுவரை உப்பை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். ரெனின் ஏறி, நோய் இருந்தும் இல்லாதது போல முடிவு வரலாம். ரத்தம் காலையில், எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிவிட்டு, சற்று உட்கார்ந்த பிறகு எடுப்பது வழக்கம். எந்த மாத்திரையை நிறுத்துவது என்பதை டாக்டரே சொல்லட்டும்.

அப்புறம், தொண்டைக்கு அதிமதுரம் சாப்பிடுகிற பழக்கம் உண்டா? தொடர்ந்து சாப்பிட்டால் கார்டிசோல் என்ற இன்னொரு அட்ரினல் ஹார்மோன் ஆல்டோஸ்டீரோனின் வேலையைச் செய்ய ஆரம்பித்துவிடும்: பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும். இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.