போர் நினைவுச் சின்னங்கள்: நீங்கள் கேட்டவை

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் நிற்கிற தூண் முன்பு காலிமுகத்திடலில் இருந்ததாமே, உண்மையா அண்ணே?

உண்மைதான் தம்பி. முதலாம் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எட்வின் லட்யன்ஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. டெல்லியில் இருக்கிற 'இந்தியா கேட்' நினைவு வளைவும் அவருடைய வேலைதான். இரண்டாம் போர் வந்ததும், கடலோரத்தில் இவ்வளவு உயரமாக நின்றால் ஜப்பான்காரன் பீரங்கிக்குக் குறி பார்க்க வசதியாகிவிடும் என்று பயந்து, கழற்றிக்கொண்டு போய்ப் பூங்காவில் திரும்பக் கட்டினார்கள். செத்தவர்களுக்கு வைத்த கல்லே பதுங்க வேண்டி வந்தது, பாருங்கள்.

பண்டாரவளை: வீரர்களுக்கு என்கிறீர்கள், ஒரு வீரன் சிலைகூட அதில் இல்லையே?

லட்யன்ஸ் பாணியே அப்படித்தான். லண்டனில் 1919 ஜூலை போர் வெற்றி ஊர்வலத்துக்கு மரமும் சாந்தும் வைத்துச் சும்மா தற்காலிகமாக ஒரு நினைவுத் தூண் செய்து கொடுத்தார், சனம் பூவைக் கொண்டுவந்து குவித்த குவிப்பில் அதையே 1920இல் கல்லில் நிரந்தரமாகக் கட்ட வேண்டியதாயிற்று. சிலுவைகூடக் கிடையாது, ஏனென்றால் இறந்தவர்களில் இந்து, முஸ்லிம், சீக்கியர் எல்லோரும் இருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் பக்கங்கள் நேர்செங்குத்தாக இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் துளித் துளியாக உள்ளே சாய்கின்றன. அப்படியே மேலே நீட்டினால் சுமார் 1000 அடி உயரத்தில் ஒன்று சேருமாம். எனக்கு ஆள் சிலையைவிட இதுதான் பிடிக்கும்.

கம்பளை: அப்போ ஆள் சிலை எங்கேதான் இருக்கிறது?

டெல்லி தீன் மூர்த்தி. ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர் குதிரைப்படைகளுக்காக மூன்று வெண்கல வீரர்கள். லெனார்ட் ஜென்னிங்ஸ் செய்தது, 1922. மைசூர், ஜோத்பூர் படைகள் 1918 செப்டம்பரில் ஹைஃபாவைப் பிடித்தவை.

கண்டித் தங்கச்சி ஒருவர்: நம்ம ஊர்ப் போர் மயானத்தில் ஆப்பிரிக்கர்கள் எப்படி?

1944இல், தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கே கொண்டுவந்துவிட்டார். கிழக்கு ஆப்பிரிக்கப் படையும் பர்மா போகுமுன் இலங்கையில்தான் பயிற்சி எடுத்தது. அந்த மயானத்தில் அதிகாரி, சிப்பாய், வெள்ளை, கறுப்பு என்று பார்க்காமல் எல்லோருக்கும் சமமான கல்லறை, பார்க்கவே மனதுக்கு நிறைவு. ஆனால் அதை வைத்து வெள்ளைக்காரனை ரொம்பவும் புகழ வேண்டாம், தங்கச்சி. இந்த மயானங்களுக்குப் பொறுப்பான போர்க் கல்லறை ஆணையம்தான், முதல் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமைதூக்கிகளாகப் போய் இறந்த ஏகப்பட்ட பேருக்குப் பெயர்கூடப் பொறிக்கவில்லை. அப்படி விடுபட்ட ஆப்பிரிக்கர், ஆசியர் குறைந்தது 1,16,000 பேர் என்று 2021இல் அவர்களே அறிக்கை விட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.