கிணற்று நீரில் நைட்ரேட்: 12 ஆ, 53 ஆ?

கேள்வி: வாழைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் கிணற்று நீரை ஒரே நாளில் இரண்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்தோம். லிட்டருக்கு 12 மில்லிகிராம் நைட்ரேட் என்று ஒன்றும், 53 என்று மற்றொன்றும் அறிக்கை தந்தன. எதை நம்புவது?
— வாசகி, தேரூர்

பதில்: பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும். நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எடையாகக் கணக்கிடுவது ஒரு வழக்கம். ஆக்சிஜனையும் சேர்த்து முழு நைட்ரேட்டாகக் கணக்கிடுவது இன்னொரு வழக்கம். முதல் எண்ணை 4.43 ஆல் பெருக்கினால் இரண்டாவது எண் கிடைக்கும். உங்கள் 12 அப்படித்தான் 53 ஆகிறது. எந்தக் கணக்கு என்பதை அறிக்கையில் குறிப்பிடாதது ஆய்வகத்தின் குறையே. இந்தியக் குடிநீர்த் தரத்தின் வரம்பு, முழு நைட்ரேட்டாக, 45 மில்லிகிராம். ஆகவே ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மாவு கலக்க இந்த நீரைப் பயன்படுத்த வேண்டாம். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும்.

இது யூரியாவால் வந்ததுதானா என்பது தனிக் கேள்வி. மண் துகள்கள் நைட்ரேட்டைப் பிடித்துவைப்பதில்லை என்பதால், உரமிட்டபின் பெய்யும் மழை அதைக் கீழே இறக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் வீடும் விளையும் நெருங்கிக் கிடக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கழிவறைத் தொட்டியும் அதே வேலையைச் செய்யும். கழிவுநீரில் மிகுந்திருக்கும் குளோரைடு உப்பும் கோலிபார்ம் கிருமியும் சேர்ந்து உயர்ந்திருந்தால், தோட்டத்தைக் குறை சொல்லும் முன் தொட்டியைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் குளத்து நீரில் பூச்சிமருந்து 'இல்லை' என்று முடிவு வந்துள்ளது. நிம்மதியாக இருக்கலாமா?
— வாசகர், சுசீந்திரம்

பதில்: 'இல்லை' என்பதற்கு, தேடிய மருந்துகள் அக்கருவி காணக்கூடிய அளவுக்குக் கீழே இருந்தன என்பதே பொருள். எந்தெந்த மருந்துகளைத் தேடினார்கள், கருவி காணும் குறைந்தபட்ச அளவு என்ன என்று கேட்டு வாங்குங்கள். 2011 இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த எண்டோசல்பான் போன்றவை நீரைவிடச் சேற்றிலேயே அதிகம் ஒட்டியிருக்கும். 2022 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம்–தேரூர் குளங்களில் பறவைகள் இரை தேடுவதும் அந்தச் சேற்றில்தான். எனவே அடிச்சேற்றையும் சோதிக்க வேண்டும். கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு பருவ நெற்பயிர்களுக்கு மருந்தடித்தபின் வரும் முதல் பெருமழையை ஒட்டி மாதிரி எடுப்பது நல்லது. பிளாஸ்டிக் சுவரில் சில மருந்துகள் ஒட்டிக்கொள்வதால், பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.