ஐந்து மாத ஷெப்பர்ட் குட்டி, எடை நாலே கிலோ

நாய்க்குட்டி ஏன் வளரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கை, கால், தலை எல்லாம் அளவாகவே சிறுத்து, இன்னும் பஞ்சு போன்ற குட்டி முடியே இருக்கிறதென்றால், ஜெர்மன் ஷெப்பர்டில் பிட்யூட்டரி குள்ளத்தன்மையைத்தான் (மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைப் போதிய அளவு சுரக்காததால் வருவது) சந்தேகிப்பேன். கால் மட்டும் குட்டையாக, தலை பெரிதாக இருந்தால் பிறவித் தைராய்டு குறைபாடாக இருக்கலாம். குடற்புழுவையும் ஈரல் ரத்தக்குழாய்க் கோளாறையும் முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

வளர்ச்சி ஹார்மோனை ஒரே தடவை அளப்பது வீண். அது நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும். ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோன் நிலையைக் காட்டுவது), டி4 (தைராய்டு ஹார்மோன்), டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டுவது) பாருங்கள். உறுதிசெய்வது எல்ஹெச்எக்ஸ்3 (பிட்யூட்டரி உருவாகத் தேவையான மரபணு) மரபணுச் சோதனை.

டி4 குறைவென்றால் லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மருந்து), வாழ்நாள் முழுக்க. பன்றி வளர்ச்சி ஹார்மோன் ஊசியில் முடி நன்றாக வரும், உயரம் அவ்வளவாக அதிகரிக்காது; ரத்தச் சர்க்கரை ஏறலாம், கண்காணிக்க வேண்டும். கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப்பட்டை போடுங்கள்: இந்தக் குறைபாடுள்ள குட்டிகளுக்குக் கழுத்து முள்ளெலும்பு மூட்டு பலவீனமாக இருக்கலாம். சோதனையில் உறுதியானால் தாய், தந்தை இரண்டுமே கடத்திகள் (நோய் தெரியாமல் குறையுள்ள மரபணுவைச் சுமப்பவை), விற்றவரிடம் சொல்லிவிடுங்கள்.