செண்பகவல்லி என்ற பெயர் தென்மாவட்டங்களில் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்?

கேள்வி: செண்பகவல்லி என்பது செண்பகப் பூவிலிருந்து வந்த பெயர்தானா? தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்தில் இந்தப் பெயர் அதிகமாக இருப்பதற்குக் காரணம் என்ன? இப்போது பிறக்கும் பெண் குழந்தைக்கு வைத்தால் பழைய பெயராகத் தோன்றுமா?

பூவிலிருந்து வந்த பெயர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் பூவின் அழகையோ மணத்தையோ நினைத்துப் பெற்றோர் நேரடியாகத் தேர்ந்தெடுத்த பெயர் என்று அதைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் இந்தப் பெயரைத் தாங்கியிருக்கும் பெண்களில் மிகப் பலர் கோவில்பட்டி அம்மனின் பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். பூ முதலில் அம்மனுக்குப் பெயராயிற்று. அம்மன் பெயர் பிறகு ஊராருக்குப் பெயராயிற்று. கேள்வியின் மற்ற இரண்டு பகுதிகளுக்கும் விடை இந்த வரிசையிலேயே இருக்கிறது.

கோவில்பட்டியில் உள்ள கோயிலின் முழுப் பெயர் செண்பகவல்லி அம்மன் உடனுறை பூவனநாத சுவாமி கோயில். பூவனநாதர் என்ற பெயரிலும் பூ இருக்கிறது. இருந்தாலும் ஊரில் யாரும் 'பூவனநாதர் கோயிலுக்குப் போய் வருகிறேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'அம்மன் கோயில்' அல்லது 'செண்பகவல்லி அம்மன் கோயில்' என்றுதான் பேச்சு. பங்குனிப் பெருந்திருவிழா, ஐப்பசித் திருக்கல்யாணம் இரண்டுக்கும் சுற்றுவட்டக் கரிசல் கிராமங்களிலிருந்து மக்கள் வந்து கூடுவார்கள். பிள்ளை வரம் கேட்டு வேண்டிக்கொண்ட குடும்பத்தில் பெண் பிறந்தால் வேறு பெயர் தேடுவதற்கே இடமில்லை. நான் படித்த பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'செண்பகவல்லி' என்று மட்டும் கூப்பிட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள் 'உள்ளேன் ஐயா' என்று எழும். ஆகவே ஆசிரியர்கள் தலைப்பெழுத்தை அழுத்திச் சொல்லியே கூப்பிடுவார்கள். வீட்டில் அவர்களே செண்பகம், செண்பகா, வல்லி என்று பிரிந்துவிடுவார்கள்.

இது செண்பகவல்லிக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. பழைய திருநெல்வேலிச் சீமையில், ஒரு தலைமுறைக்கு முன்புவரை, பெண்ணின் பெயரைக் கேட்டே அவர் எந்தக் கோயிலைச் சார்ந்த குடும்பம் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். காந்திமதி என்றால் நெல்லையப்பர் கோயில் அம்மன். கோமதி என்றால் சங்கரன்கோவில். உலகம்மாள் என்றால் பாபநாசம் அல்லது தென்காசி. குழல்வாய்மொழி என்ற அழகான பெயர் குற்றாலநாதரின் துணைவியுடையது. இந்த வரைபடத்தில் கோவில்பட்டிக்கு உரிய பெயர் செண்பகவல்லி. பெண் மணமாகிச் சென்ற ஊரிலும், பேத்திக்குப் பாட்டி பெயரை வைக்கும் வழக்கத்தாலும் பெயர் மெல்ல விரிந்தது. தூத்துக்குடி, விருதுநகர், தென்காசி மாவட்டங்களில் அடர்த்தியாகவும், வடக்கே போகப் போக அரிதாகவும் அது இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கோவில்பட்டி செண்பக மரத்துக்கு ஏற்ற ஊரே இல்லை. கம்பும் உளுந்தும் பருத்தியும் விளையும் மானாவாரிக் கரிசல் பூமி அது. செண்பகமோ ஈரமும் நிழலும் நல்ல வடிகாலும் கேட்கும் மலைமரம். இயல்பாக வளர்வது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில். மலையடிவாரத்துக்குப் போனால் அந்தப் பெயர் நிலத்திலேயே எழுதியிருக்கிறது. குற்றாலம் பேரருவிக்கு மேலே மலையில் செண்பகாதேவி அருவி இருக்கிறது. அங்குள்ள செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி விசேஷம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, சாம்பல் நிற மலை அணில்களுக்கான சரணாலயம் அமைந்த மலையின் அடியில், செண்பகத்தோப்பு இருக்கிறது. சிவகிரிக்கு மேற்கே மலையில் உடைந்து கிடக்கும் தடுப்பணைக்கும் செண்பகவல்லி என்றே பெயர். அதைச் சீரமைக்க வேண்டும் என்று விவசாயிகள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆக, மலையில் மரமாக நின்ற பெயர் கரிசலில் அம்மனாகி, அங்கிருந்து வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது.

பெயரின் பழமையைப் பற்றிக் கேட்டால், பூவின் பெயராக அது சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூக்களின் நீண்ட பட்டியலில் 'செருந்தி அதிரல் பெருந்தண் சண்பகம்' என்று ஓர் அடி வருகிறது. வடமொழியில் சம்பகம் என்பது இதுவே. 'சண்பகம்' என்பதே சரி, 'செண்பகம்' கொச்சை என்று சிலர் திருத்துவதைக் கண்டிருக்கிறேன். அந்தத் திருத்தத்தை நான் ஏற்கவில்லை. ஆழ்வார் பாசுரங்களிலேயே செண்பகம் என்ற வடிவம் எதுகையோடு உறுதியாக நிற்கிறது. குலசேகர ஆழ்வார் திருவேங்கட மலையில் 'செண்பகமாய் நிற்கும் திருவுடையேன் ஆவேனே' என்று ஏங்குகிறார். பெரியாழ்வார் கண்ணனைப் பூச்சூட அழைக்கும் பதிகத்தில் மல்லிகைக்கும் பாதிரிக்கும் முன்னால், முதல் பாசுரத்திலேயே, 'தேனில் இனிய பிரானே செண்பகப்பூச் சூட்ட வாராய்' என்கிறார். பெரியாழ்வாரின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மேலே சொன்ன செண்பகத்தோப்பு அவருடைய ஊரை ஒட்டிய மலையடிவாரம் என்பதை நினைத்துப் பார்த்தால், பூப்பட்டியலில் செண்பகம் முதலில் வந்தது தற்செயல் அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

அம்மனோடு இந்தப் பூ ஏன் சேர்ந்தது என்பதற்கும் பழைய தடம் உண்டு. லலிதா சகஸ்ரநாமத்தில் தேவியின் உருவத்தைத் தலைமுதல் வருணிக்கும் தொடக்கப் பகுதியிலேயே சம்பகம் இருமுறை வருகிறது: அவள் கூந்தலில் மணக்கும் பூக்களில் ஒன்றாக ஒருமுறை, அவள் மூக்குக்கு உவமையாக மறுமுறை. புதிதாக முகிழ்த்த செண்பக மொட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை உடனே விளங்கும். நீண்டு, நேராக, நுனி சற்றுக் கூர்த்து, இளமஞ்சளாக இருக்கும் அது. விரிந்தபின் இதழ்கள் ஆரஞ்சு கலந்த மஞ்சளுக்கு மாறிப் பிரிந்துகொள்ளும், கசங்கினால் பழுப்பேறிவிடும். ஆகவே மல்லிகையைப் போல நெருக்கித் தொடுத்து முழம் போட்டு விற்பதற்கு அது தோதான பூ அன்று. கிடைத்த ஒன்றிரண்டைப் பின்னலில் செருகிக்கொள்வதும், சாமி படத்துக்கு முன்னால் தண்ணீரில் மிதக்க விடுவதும்தான் நான் வீடுகளில் பார்த்த வழக்கம். வாடிய பிறகும் மணம் விடாது.

சிவனோடு இந்தப் பூவுக்கு உள்ள உறவு கொஞ்சம் சிக்கலானது. வடமொழிச் சிவபுராணத்தில், பொய் சொன்ன சம்பக மரத்தை நாரதர் சபித்தார், ஆகவே அதன் பூ சிவபூசைக்கு ஆகாது என்று ஒரு கதை உண்டு. தமிழ்நாட்டு மரபு அதைப் பொருட்படுத்தவில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பாண்டியன் ஒருவன் நந்தவனம் அமைத்து, செண்பகப் பூவைச் சொக்கநாதருக்கு விருப்பத்தோடு சூட்டி, அதனாலேயே செண்பக மாறன் என்று பெயர் பெறுகிறான். தருமிக்குப் பொற்கிழி கிடைத்த கதையில் வரும் செண்பக பாண்டியன் இவனே. கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தில் சிவன் கோயிலின் தலமரமே செண்பகம்தான். இன்னொரு நம்பிக்கையும் உண்டு: செண்பகத்தை வண்டு மொய்க்காது என்று சொல்லி, அதை 'வண்டுணா மலர்' என்று நிகண்டுகள் என்னும் பழைய சொற்பொருள் நூல்கள் வகைப்படுத்தின. குலசேகரரோ தம்முடைய பாசுரத்தில் செண்பகத்தைச் சொல்லும் இடத்திலேயே வண்டினங்களைப் பண்பாட விடுகிறார்! லின்னேயஸ் 1753-இல் மிச்செலியா சம்பகா என்று பெயரிட்ட இந்த மரத்தை இன்று மக்னோலியா சம்பகா என்கிறார்கள். மக்னோலியா குடும்பத்தில் மகரந்தச் சேர்க்கையைச் செய்பவை பெரும்பாலும் பழைய பாட்டுகள் வண்டு என்று சொல்லும் தேனீ இனங்கள் அல்ல, கடினமான ஓடுடைய வேறு பூச்சிகள். எனவே நிகண்டுக்காரர்கள் எதையோ சரியாகக் கவனித்திருக்கிறார்கள், ஆனால் முழுமையாக அன்று.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். பூக்கடையில் 'சம்பங்கி' என்று விற்கப்படும் வெள்ளைப்பூ செண்பகம் அன்று. அது மெக்சிகோவிலிருந்து வந்த கிழங்குச் செடியின் பூ. மாலைகளில் நாம் பார்ப்பது அதைத்தான். சம்பங்கி என்ற பெயர் தெலுங்கில் செண்பகத்துக்கு உரியது; கன்னடத்தில் அது சம்பிகே, பெங்களூர் மல்லேஸ்வரத்தின் சம்பிகே சாலை அந்த மரத்தின் பெயரால் ஆனது. வங்காளத்திலும் இந்தி பேசும் பகுதிகளிலும் சம்பா என்பது பெண்களுக்கு வைக்கும் பழகிய பெயர். சிங்களத்தில் சம்பா, சம்பிகா என்ற பெயர்களைக் கேட்கலாம். வல்லி என்ற ஒட்டைச் சேர்த்து அம்மன் பெயராக்கியதுதான் தமிழுக்கு உரியது. செண்பகம் நெடிதுயரும் மரம், வல்லியோ கொடி. பொருந்தாத சேர்க்கை என்று கணக்குப் பார்ப்பவர்கள், அங்கே கொடி என்பது பெண்ணைக் குறிக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பெண்ணுக்கு மட்டும் உரிய பெயர் என்ற எண்ணமும் தெற்கே இன்னும் கொஞ்சம் போனால் மாறிவிடும். நாஞ்சில் நாட்டில் செண்பகராமன் என்பது கம்பீரமான ஆண் பெயர். திருவிதாங்கூர் அரசர்கள் அளித்த பட்டமும்கூட. திருவிதாங்கூர் திவானாக இருந்து ஆங்கிலேயரை எதிர்த்து 1809-இல் உயிர்நீத்த வேலுத்தம்பியின் முழுப்பெயரில் செண்பகராமன் இருக்கிறது. ஜெர்மனியில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்கு உழைத்த செண்பகராமன் பிள்ளை 1891-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். ஆரல்வாய்மொழிக்கு அருகே செண்பகராமன்புதூர் என்று ஊரே இருக்கிறது. காவிரிப் படுகையில் பெயர் வேறு உருவம் கொள்கிறது: மன்னார்குடியைச் செண்பகாரண்யம் என்று சொல்வது வைணவ மரபு, அங்கெல்லாம் செண்பகவல்லியைவிடச் செண்பகலட்சுமி என்ற பெயரைத்தான் அதிகம் கேட்கலாம். தென்னிந்திய வரலாற்றை எழுதியவர்களுள் முன்னணியில் இருந்த ஆர். செண்பகலட்சுமியின் பெயர் வாசகர்கள் பலருக்கு நினைவுக்கு வரும்.

இனி, இன்றைய நிலை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களின் தரவரிசையை வெளியிடுவதைப்போல நம்மிடம் ஒன்றும் இல்லை. ஆகவே வாக்காளர் பட்டியலும் கல்யாணப் பத்திரிகையும்தான் நமக்குச் சான்று. அவற்றில் நான் பார்த்தவரை செண்பகவல்லிகள் பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். பத்திரிகையில் மணமகளின் பெயராக வருவது குறைந்து, அம்மாவின் பெயராகவும் பாட்டியின் பெயராகவும் வருவது கூடியிருக்கிறது. இதற்கு 1987-இல் வந்த 'எங்க ஊரு பாட்டுக்காரன்' படத்தின் 'செண்பகமே செண்பகமே' பாட்டைக் காரணம் காட்டுபவர்கள் உண்டு. மாட்டைப் பார்த்துப் பாடுவதாகவே அந்தப் பாட்டு மனத்தில் நின்றுவிட்டதால், அந்தப் பெயருள்ள பெண்கள் வகுப்பறைகளில் கேலிக்கு ஆளானது உண்மைதான். ஆனால் காந்திமதிக்கும் கோமதிக்கும் உலகம்மாளுக்கும் அப்படி ஒரு பாட்டு வரவில்லை. அவையும் சேர்ந்தே குறைந்தன. பாட்டி பெயரை வைக்கும் வழக்கம் தளர்ந்ததும், நட்சத்திரத்துக்குரிய முதலெழுத்து, எண்கணிதம், இரண்டு மூன்று எழுத்துக்குள் முடிய வேண்டும் என்ற விருப்பம் ஆகியவை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதும்தான் காரணம்.

பழைய பெயராகத் தோன்றுமா என்றால், தோன்றும். எங்கள் ஊரில் நிச்சயமாகத் தோன்றும். சென்னையிலோ வெளிநாட்டிலோ வளரும் குழந்தைக்கு அது அரிய பெயராகத் தோன்றும் வாய்ப்பே அதிகம், ஏனென்றால் அங்கே அவள் வகுப்பில் இன்னொரு செண்பகவல்லி இருக்கப்போவதில்லை. முழுப்பெயர் நீளம் என்று நினைத்தால் செண்பகா என்று சுருக்கியே பதிவு செய்யலாம். அது இன்றைய காதுக்கும் பொருந்தும். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். செ என்பதற்கு எஸ் மட்டும் போடுபவர்கள், எஸ்-எச் போடுபவர்கள், சி-எச் போடுபவர்கள் என்று மூன்று வகையினர் உண்டு. அடுத்து இ-யா ஏ-யா என்பதும், நடுவில் என்-னா எம்-மா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். என் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு மதிப்பெண் பட்டியலில் ஒரு விதமும் ஆதாரில் வேறு விதமும் இருந்ததால் பாஸ்போர்ட் எடுக்கும்போது பெரிய அலைச்சலாயிற்று. குழந்தையின் பெயரில்லாமல் பிறப்பைப் பதிவு செய்திருந்தால், பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். ஆகவே வீட்டில் பேசி முடிவெடுக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.