அந்தச் சிறுமிக்கு என்ன சம்பளம்?

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் ஒரு பையனுக்கு ஆட்டிசம், இருவருக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்). மணி அடித்தாலே அந்தப் பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். நல்ல வேளையாக, பொறுமைசாலியான ஒரு பெண்ணை ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே அவனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். அவள் லீவு போட்டால் என் பாடு திண்டாட்டம். சிறப்பாசிரியர் இல்லை, தலைமையாசிரியையும் கண்டுகொள்வதில்லை. என்ன செய்வது?

பதில்: தலைமையாசிரியை கிடக்கட்டும். அந்த 'நல்ல வேளை'க்கு என்ன வயது, எட்டா? அவன் நோட்டை எடுத்து வைக்கிறாள், எழுந்து ஓடினால் இழுத்து வந்து உட்கார வைக்கிறாள், இதற்கு நடுவில் தன் கணக்கையும் போடுகிறாள். பெரியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை இது. அவள் பெற்றோரிடம் சொன்னீர்களா? அவளிடமாவது கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம்.

மூத்த மகளின் இடுப்பில் தம்பியை ஏற்றிவிட்டு, 'எங்கள் பெண் சமர்த்து' என்று மெச்சிக்கொள்ளும் பெற்றோரை எனக்குப் பிடிக்காது. அதையே ஓர் ஆசிரியை செய்தால் கோபம்தான் வருகிறது. வாய் திறக்காத பிள்ளைக்குக் குறையே இல்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஏ.டி.எச்.டி. உள்ள பெண் குழந்தைகள் பலர், யாருக்கும் தொந்தரவு தராமல் கவனம் சிதறி உட்கார்ந்திருப்பதாலேயே கண்ணில் படாமல் போகிறார்கள்.

பையனுக்காவது இதனால் நன்மை உண்டா? மணிச் சத்தம் அவனால் தாங்க முடியாதது. ஒலி, ஒளி, தொடுகைக்கு இப்படி அளவுமீறி எதிர்வினை காட்டுவதை, மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 கையேடு ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறுமி இருப்பதால் சத்தம் குறையுமா? மணி அடிக்கும் முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். காதுக்கு மூடி கொடுங்கள். அன்றைய பாடவேளைகளைப் படங்களாக அவன் மேசையில் ஒட்டுங்கள். முடிந்த பாடத்தின் படத்தை அவனே கழற்றட்டும். அடுத்தது என்ன என்று தெரிந்துகொள்ள அவனுக்கு அவள் முகம் தேவைப்படாது.

மற்ற இருவருக்கும் ஒரே மூச்சில் நான்கு கட்டளை போடாதீர்கள். ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். நடுவே பலகையைத் துடைக்க எழுப்பிவிடுங்கள்.

சக மாணவர் துணையே கூடாது என்று சொல்லவில்லை. விருப்பமுள்ள நான்கைந்து பேர், முறை வைத்து, விளையாட்டிலும் குழு வேலையிலும் சேர்ந்துகொள்ளட்டும். ஓடுகிறவனைப் பிடிப்பது உங்கள் வேலை. அவளை ஒரே நாளில் இடம் மாற்றிவிடவும் கூடாது. சொல்லாமல் வரும் மாற்றம் அவனை உலுக்கிவிடும். பக்கத்தில் இன்று யார் என்பதையும் படத்தில் காட்டிப் பழக்குங்கள்.

இனி தலைமையாசிரியை. இரண்டு வாரம் குறிப்பெடுத்து, உதவியாளர் வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். அந்தச் சிறுமி செய்த வேலைகளை ஒன்றுவிடாமல் அதில் எழுதி, ஒரு பிரதியை அவள் பெற்றோருக்கும் கொடுங்கள். பிறகு கண்டுகொள்ளாமல் இருக்கிறாரா, பார்ப்போம்.