பால் விடாத பசுவும் களி தொடாத அம்மாவும்

அன்புள்ள ஐயா,

எங்கள் செவலைப் பசுவை எப்போதும் அம்மாதான் கறப்பார். அம்மாவுக்குச் சேலத்தில் புற்றுநோய்க்கான கீமோ ஊசி தொடங்கியதிலிருந்து நான் கறக்கிறேன். எனக்குப் பாலை விடாமல் எக்கிக்கொள்கிறது. இன்னொன்று. முதல் ஊசியன்று அம்மா களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுப் போனார். இரவெல்லாம் வாந்தி. இப்போது களி கிண்டும் வாசனைக்கே எழுந்து போய்விடுகிறார். 'வாந்தி ஊசியாலதாம்மா' என்றால், 'எனக்குத் தெரியாதா?' என்கிறார். ஆனாலும் ஒரு வாய் வைப்பதில்லை. இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?

ச., பாலக்கோடு

அன்புள்ள ச.,

பிடிவாதம் என்ற சொல்லை முதலில் விடுங்கள். இரண்டு உடம்புகளும் தாம் கற்றதைச் செய்கின்றன.

சொம்புச் சத்தம், காம்பு கழுவும் கை, அம்மாவின் குரல் எல்லாம் தினமும் கறவைக்கு முன்னால் வந்தவை. அவை வந்தாலே ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து பால் இறங்கும். சோறு வருமுன்பே காலடிச் சத்தத்துக்கு, ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்களுக்கு எச்சில் ஊறியதும் இப்படித்தான். பசு மிரண்டால் சுரப்பு நின்றுவிடும், அதட்டவே கூடாது. அதே சொம்பு, அதே நேரம். அம்மாவின் சேலையைப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள். பாட்டி ஊரில் இல்லாத நாளில் என் தாத்தா அப்படித்தான் கறந்தார்.

அம்மாவின் விஷயம் இன்னும் ஆழமானது. மணி அடித்துச் சோறு போடுவதைப் பலமுறை செய்தால்தான் நாய் கற்கும். ருசியும் குமட்டலும் சேர ஒரே முறை போதும்; நடுவே சில மணி நேரம் போனாலும் சேரும். சாக்கரின் என்ற இனிப்பு கலந்த தண்ணீர் குடித்தபோது, குமட்ட வைக்கும் கதிர்வீச்சுப் பட்ட எலிகள் பிறகு அதை ஒதுக்கியதை 1955இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா காட்டினார். கீமோவுக்கு முன் புது ருசி ஐஸ்கிரீம் தின்ற குழந்தைகளும் பிறகு அதை ஒதுக்கினார்கள். இது 1978இல் உளவியலாளர் ஐலீன் பெர்ன்ஸ்டைன் கண்டது. காரணம் தெரிவதால் இந்த வெறுப்பு போகாது. அதனால்தான் உங்கள் அம்மா 'தெரியும்' என்கிறார், சாப்பிடவும் முடியவில்லை. அவரோடு வாதாடாதீர்கள்.

அடுத்த ஊசியன்று அவருக்குப் பிடித்த எதையும் கொடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் நடுவில் அவர் வழக்கமாகத் தின்னாத, ருசி தூக்கலான மிட்டாய் ஒன்றைச் சப்பக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்தபோது வெறுப்பு மிட்டாய் மேல் போனது, சாப்பாடு ஓரளவு தப்பியது.

களியைச் சிகிச்சை முடிந்து, குமட்டல் நின்ற பிறகு, நெல்லிக்காய் அளவு கொடுத்துப் பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டவர் ஒருநாள் மறுபடி தட்டைத் தள்ளலாம். பழைய வெறுப்பு அழிவதில்லை, அதன் மேல் புதிய பழக்கம் படிகிறது, அவ்வளவுதான். அன்றைக்குத் தட்டை எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள்.

கறக்கும் நேரத்தில் அம்மா திண்ணையிலிருந்து பசுவைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். தொழுவத்துக்குள் மட்டும் வேண்டாம்; இந்தச் சமயத்தில் கிருமி சீக்கிரம் தொற்றும்.