நிறுவனங்கள் இணைந்தால் மருத்துவ ஆய்வுப் பணியாளரின் நிலை என்ன?

தாங்கள் பணிபுரியும் மருத்துவ ஆய்வு நிறுவனம் வேறொன்றுடன் இணைவதால் வேலை என்னவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2016இல் குவின்டைல்ஸ் என்ற மருத்துவ ஆய்வு நிறுவனமும் ஐஎம்எஸ் ஹெல்த் என்ற மருத்துவத் தரவு நிறுவனமும் இணைந்த இத்துறைக்கு இது புதிதல்ல. நடந்துகொண்டிருக்கும் ஆய்வை நெறிமுறைப்படி முடித்தாக வேண்டும் என்பதால், மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று நோயாளிகளின் பதிவேடுகளைச் சரிபார்க்கும் கண்காணிப்பாளர்கள்மீது பொதுவாக உடனே கை வைக்கமாட்டார்கள். இரு நிறுவனங்களிலும் இருப்பதால் இரட்டிப்பாகிவிடும் கணக்கு, மனிதவளப் பிரிவுகளுக்குத்தான் முதல் அடி. இப்படி ஓர் இணைப்பின்போது வேலூரில் இருந்தபடி வேலை பார்த்த எனக்கு வேலை போகவில்லை, நிம்மதிதான் போயிற்று: காட்பாடி ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபடி, ஒரே நாளின் உழைப்பைப் பழைய நிறுவனத்தின் நேரப்பதிவிலும் புதியதிலும் இருமுறை நிரப்பிய மாதங்கள் உண்டு. பணிக்கொடை (கிராஜுவிட்டி) பணிக்காலத்தைப் பொறுத்ததாகையால், பழைய சேவை தொடர்கிறது என்பதை எழுத்தில் பெற்றுவிடுங்கள். வருங்கால வைப்பு நிதிக்கான யூஏஎன் எண் (ஊழியருக்கான பொதுக் கணக்கு எண்) மாறாது.